பி பம்ப்பைப் பற்றி யார் யாரிடம் சொன்னார்கள்?

போன மாதம் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. நான் வேலை பார்த்த ஆலையின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் அனுப்பியிருந்தார். குழுவாக வேலை செய்பவர்களிடையே தகவல் பரிமாற்றம் எப்படி இருக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக என் அனுபவத்தை ஒரு பக்கத்துக்குள், முடிந்தால் நகைச்சுவை கலந்து, எழுதி அனுப்ப வேண்டுமாம். கூடவே கும்பிடு போடும் பொம்மை ஒன்று. கூப்பிட்டுப் பேசுவோமே என்று அந்த எண்ணை அழைத்தேன். எடுக்கவில்லை. ‘மீட்டிங்கில் இருக்கிறேன், மெசேஜ் பண்ணுங்க சார்’ என்று பதில் வந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரு பக்கத்துக்குள் இது அடங்காது, நகைச்சுவையும் வராது. அதனால் அவர்களுக்கு அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சூசை. கடலூர் முதுநகர்க்காரன். ஊருக்குத் தெற்கே உள்ள ஒரு ரசாயன ஆலையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, ஷிஃப்ட் இன்சார்ஜாக ஓய்வு பெற்றேன். ஆலையின் பெயர் வேண்டாம், வழக்கு நடக்கிறது. பி.எஸ்ஸி. வேதியியல் முடித்த கையோடு பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் இரண்டு வருடம் வால்வு திறக்கவும் மூடவும், ஆசிட் நெடியில் இருமவும், வாங்குகிற திட்டை முகத்தில் காட்டாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையான பயிற்சி ரங்கராஜன் சாரிடம் தொடங்கியது.

அவர் எங்கள் உற்பத்தி மேலாளர். நல்ல மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். வாய் மோசம். காலை ஷிஃப்ட் முடிந்து மதிய ஷிஃப்ட் வரும் நேரத்தில், கையில் டீ டம்ளரோடு கன்ட்ரோல் ரூம் வாசலில் வந்து நிற்பார். எங்கள் ஆலையில் ஷிஃப்ட் மாறுவது என்றால் போகிறவனும் வருகிறவனும் சேர்ந்து ஒரு சுற்று நடக்க வேண்டும். ஒவ்வொரு பம்ப்பையும் வால்வையும் தொட்டுக் காட்டி, எது ஓடுகிறது, எது ஒழுகுகிறது, எதை ஃபிட்டர் பிரித்துப் போட்டிருக்கிறான் என்று போகிறவன் சொல்ல வேண்டும். இருவரும் திரும்பி வந்ததும் ரங்கராஜன் சார் போகிறவனிடம் எதுவும் கேட்கமாட்டார். வருகிறவனைப் பார்த்துத்தான் கேட்பார்.

“இவன் இன்னா சொன்னான்?”

வந்தவன் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, “இன்னொரு வாட்டி போய்ட்டு வாங்க ரெண்டு பேரும்” என்பார். வெளியே கேட்டில் கம்பெனி பஸ் நிற்கும். சிதம்பரம் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த அதே பஸ்தான், ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் திரும்ப வேண்டும். ரங்கராஜன் சார் தலையாட்டாமல் அது நகராது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். டிரைவர் ஹாரன் அடிப்பார். அவர் கண்டுகொள்ளவே மாட்டார்.

சொன்னதைக் கேட்டான் என்பதற்கு வந்தவனுடைய வாய்தான் அவருக்கு அத்தாட்சி. அதற்குப் பிறகுதான் ஷிஃப்டில் நடந்ததை எழுதிவைக்கும் லாக் புத்தகம். “பேசி முடிச்சிட்டு எழுதுங்க. எழுதிட்டு ஓடாதீங்க” என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அவர் எழுத்துக்கு விரோதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எழுதாமல் வீட்டுக்குப் போனவனை அடுத்த பஸ்ஸில் திரும்ப வரவழைத்தவர் அவர். நேற்று சொன்னதை இன்று இல்லை என்று சாதிக்கும் ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். பேச்சு போதும், எழுத்து எதற்கு என்பவனுடன் எனக்கும் சண்டைதான்.

ஒரு தமாஷும் நடந்தது. கலியமூர்த்தி என்றும் தனசேகர் என்றும் இரண்டு ஆபரேட்டர்கள், இருவருமே சிதம்பரத்துக்காரர்கள். கலியமூர்த்தியின் தங்கையைத்தான் தனசேகர் கட்டியிருந்தார். ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் கலியமூர்த்தியின் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்கள் என்று இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தனசேகர் போகும்போது லாக் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதிவைத்துவிட்டு, கலியமூர்த்தி உள்ளே வருவதற்குள் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். கலியமூர்த்தியும் படித்துக்கொள்வார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ரங்கராஜன் சார் விடுப்பில் போயிருந்ததால் கொஞ்ச நாள் வண்டி ஓடியது.

திரும்பி வந்ததும் ரங்கராஜன் சாருக்கு விஷயம் எட்டியது. இருவரையும் ஆசிட் பம்ப்புகளுக்கு நடுவே கொண்டுபோய் எதிரெதிரே நிறுத்தினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“சொல்றா” என்றார் தனசேகரைப் பார்த்து.

“எல்லாம் எழுதியிருக்கேன் சார். புக்ல இருக்குது.”

“நீ உன் மச்சான்கிட்ட பேச வேணாம்டா. அது உங்க வூட்டுப் பிரச்சின. காலை ஷிஃப்ட்டு மதிய ஷிஃப்ட்டுகிட்ட பேசணும். அது என் பிரச்சின.”

தனசேகர் கலியமூர்த்தியின் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓர் இடத்தில் கலியமூர்த்தி நிமிர்ந்து, “அந்த வால்வு எவ்ளோ தொறந்திருக்குது? புக்ல ‘கொஞ்சம்’னு போட்டிருக்கு. கொஞ்சம்னா?” என்று கேட்டார். போய்ப் பார்த்தார்கள். அந்த ‘கொஞ்சம்’ கலியமூர்த்தி நினைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு. ரங்கராஜன் சார் டீயைக் குடித்தார். இருவரும் குடும்பத்தில் ராசியானார்களா என்று எனக்குத் தெரியாது. ஆலைக்குள் தினமும் பேசினார்கள். எழுதியதைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியாது, எழுதியவனைப் பார்த்துக் கேட்கலாம். இது ஒரு பெரிய தத்துவம் இல்லை. ஆனால் பெரிய படிப்புப் படித்தவர்கள் எங்கள் ஆலைக்கு வந்து இதைத்தான் ஒழித்துக்கட்டினார்கள்.

ரங்கராஜன் சார் ஓய்வு பெற்றுப் போனார். அவருக்குப் பின் ஒன்றிரண்டு பேர் வந்து போனார்கள், வழக்கம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் சர்வீஸின் கடைசி வருடங்களில் புதிய பிளான்ட் மேனேஜர் வந்தார். இவர் யாரையும் திட்டமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். ஆலைக்குள் இறங்கவும் மாட்டார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் சேர்ந்து இருக்கும் அரைமணிக்கு எதற்குக் கூடுதல் சம்பளம் என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர் அந்த அரைமணியை வெட்டினார். பஸ் வந்ததும் இறங்குகிறவர்கள் இறங்க வேண்டும், ஏறுகிறவர்கள் ஏற வேண்டும், பஸ் கிளம்பிவிடும். சேர்ந்து நடப்பதற்குப் பதிலாக வாட்ஸப் குரூப். போகிறவன் விஷயத்தைக் குரூப்பில் போட வேண்டும். வருகிறவன் அதற்குக் கட்டைவிரல் போட வேண்டும். கட்டைவிரல் வந்துவிட்டால் தகவல் சேர்ந்துவிட்டதாக அர்த்தம். யார் போடவில்லை என்று மேனேஜர் அறையிலிருந்தே பார்ப்பார்கள். கார்டு தேய்த்து உள்ளே நுழைவதற்கு முன் போடாதவனுக்கு மெமோ.

நான் போய்க் கேட்டேன். “சார், கேட்டவனுக்குப் புரிஞ்சிதான்னு எப்படித் தெரியும்?”

“எல்லாமே ரெக்கார்டுல இருக்கும் சூசை. நீங்க வாயால சொன்னா நாளைக்கு யாரு ப்ரூவ் பண்றது?”

அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ரங்கராஜன் சாருக்கு வேலை ஒழுங்காக நடக்க வேண்டும். இவருக்கு நாளை ஏதாவது நடந்தால் யார் தலையில் கட்டுவது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

அந்தக் குரூப்பில் வேலை விஷயம் மட்டுமா வந்தது? பிறந்தநாள் வாழ்த்து, பாதுகாப்பு உறுதிமொழிப் படம், மேனேஜர் கோப்பை வாங்கும் படம், கேன்டீன் மெனு எல்லாம் வந்தது. எல்லாவற்றுக்கும் கட்டைவிரல். எதற்குப் போடாவிட்டால் மெமோ வரும் என்று யாருக்கும் தெரியாததால் எல்லாவற்றுக்கும் போட்டார்கள். சிதம்பரத்திலிருந்து வரும் பையன்கள் பஸ்ஸில் உட்கார்ந்து, புதுச்சத்திரம் தாண்டியதும் கைப்பேசியை எடுத்து வரிசையாகக் குத்திக்கொண்டே வருவார்கள். வார விடுப்பில் இருப்பவனும் போட வேண்டும் என்றார்கள். மீன் அங்காடியில் ஒரு கையில் சங்கரா மீன் பையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நானும் குத்தியிருக்கிறேன்.

எங்கள் ஆசிட் பகுதியில் இரண்டு பம்ப்புகள். ஏ பம்ப் ஓடும், பி பம்ப் மாற்றாக நிற்கும். ஏ நின்றால் கன்ட்ரோல் ரூமில் இருந்தபடியே பட்டனை அழுத்தி பி-யை ஓடவிடலாம். அன்று காலை ஷிஃப்டில் பி பம்ப்பின் வாய்க்குழாயில் கசிவு. ஃபிட்டர் போல்ட்டுகளைத் தளர்த்தி ஜாயின்ட்டைப் பிரித்தார். மாற்ற வேண்டிய கேஸ்கெட் வளையம் ஸ்டோரில் இல்லை, நாளைதான் வரும் என்றார்கள். போல்ட்டுகள் கைக்குக் கழன்று வரும் நிலையில் ஜாயின்ட் அப்படியே நின்றது. வேலை நடக்கும்வரை ‘ஓட்டாதே’ என்று சுவிட்சில் சிவப்பு அட்டை தொங்கும். அந்த அட்டை வேலை பர்மிட்டோடு சேர்ந்தது. ஷிஃப்ட் முடிந்தால் பர்மிட் முடிந்தது, அட்டையையும் கழற்றிவிட வேண்டும், நாளை புதிதாகப் போட வேண்டும். விதிப்படி ஃபிட்டர் கழற்றிக்கொண்டு போனார். முன்பெல்லாம் அந்த இடைவெளியை அடைத்தது ஷிஃப்ட் மாறும்போது சொல்கிற வாய்வார்த்தைதான். இப்போது அங்கே எதுவும் இல்லை.

காலை ஷிஃப்ட் ஆபரேட்டர் குமார், ‘பி பம்ப் ஜாயின்ட் ஓபன். ஸ்டார்ட் பண்ண வேண்டாம்’ என்று குரூப்பில் போட்டான். அவன் தப்பு செய்யவில்லை. அதன் மேல் உறுதிமொழிப் படங்கள் வந்து விழுந்தன. மதிய ஷிஃப்டுக்கு வந்த பாலமுருகன் பஸ்ஸிலேயே எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போட்டுவிட்டிருந்தான். அதில் குமாரின் செய்தியும் இருந்தது.

என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாதது அதற்கு அடுத்தது. பஸ் கேட்டில் வந்து நின்றது. பாலமுருகன் படியில் இறங்கினான். குமார் ஏறக் காத்து நின்றான். இருவரும் தோளோடு தோள் உரசினார்கள். பிறகு நான் குமாரிடம் கேட்டேன், “அவன்கிட்ட இன்னாடா சொன்ன?”

“‘வரேன் மாமா’ன்னு சொன்னேன் சார்.”

“பம்ப்பப் பத்தி?”

“அதான் குரூப்புல போட்டுட்டேனே சார்.”

ஒரு வாய் திறந்திருந்தால் போதும். இரண்டு பேரும் சேர்ந்து பரங்கிப்பேட்டை திருவிழாவுக்குப் போகிற அளவுக்குச் சிநேகிதர்கள். அவர்களை ஊமையாக்கியது யார்?

மாலைக்குள் ஏ பம்ப் சூடாகி நின்றது. பாலமுருகன் வழக்கம்போல் பி-யின் பட்டனை அழுத்தினான். கீழே பம்ப்புக்குப் பக்கத்தில் ஜோதி என்ற ஒப்பந்தத் தொழிலாளி கால்வாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆலையை ஒட்டிய குப்பத்துப் பெண். ஜாயின்ட் வாயைப் பிளந்து ஆசிட் அவள் முகத்தில் அடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீருக்கு அடியில் நிறுத்தினார்கள். புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தாள். வலது கண் போய்விட்டது.

பாலமுருகனை வேலை நீக்கம் செய்யும் நோக்கத்தோடு உள்விசாரணை வைத்தார்கள். தகவல் கிடைத்தும் அலட்சியமாக இருந்தான் என்பது குற்றச்சாட்டு. சாட்சி, அவனுடைய கட்டைவிரல். உதவிக்கு உடன் வேலை செய்பவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. யூனியன்காரர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். நான் உட்கார்ந்தேன். ஓய்வுக்குச் சில மாதங்கள்தான் இருந்தன, என்னை யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது.

விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார். மேனேஜரைக் கூப்பிடுங்கள், நான் கேள்வி கேட்க வேண்டும் என்றேன். மேனேஜர் எழுத்துமூலமாக வாக்குமூலம் அனுப்பிவிட்டார், அதுவே போதும் என்றார் அவர்.

“எழுதின காகிதத்த நான் எப்படி சார் கேள்வி கேக்கறது?”

“உங்க கேள்விகளையும் எழுதிக் குடுங்க. அனுப்பி வைக்கறோம்.”

கைப்பேசியை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

“இந்த மெசேஜுக்கு என் கட்டைவிரலும் இருக்குது. அன்னிக்கு எனக்கு வார லீவு, மீன் மார்க்கெட்ல நின்னுகிட்டிருந்தேன். மேனேஜரோட கட்டைவிரலும் இருக்குது. அவரு ஆபீஸ்லதான் இருந்தாரு. தகவல் கெடைச்சிது, அலட்சியமா இருந்தான்னா, அவருக்கும் கெடைச்சிது. அவரு ஃபோன எடுத்து பி பம்ப்ப தொடாதடான்னு ஒரு வார்த்த சொன்னாரா?”

அந்த அறையில் இருந்த ஆலைக்காரர்கள் எல்லோருடைய சட்டைப்பையிலும் அதே குரூப் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, இது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது, பதிவு செய்ய வேண்டாம் என்று தட்டச்சு செய்பவரிடம் சொன்னார். எல்லாமே ரெக்கார்டில் இருக்கும் என்றார்களே, அந்த ரெக்கார்டின் லட்சணம் இதுதான்.

நான் ஓய்வு பெற்றேன். பொன்னாடை போர்த்தினார்கள். அதைக் கேட்டில் இருந்த காவலாளியிடமே கொடுத்துவிட்டு வந்தேன். சில வாரங்கள் கழித்து பாலமுருகனுக்கு வேலை நீக்க உத்தரவு மின்னஞ்சலில் வந்தது. தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். அண்ணாமலை நகரில் மாணவர் விடுதி ஒன்றில் அவன் இப்போது கணக்கெழுதுகிறான்.

ஒரு நாள் அவன் என் வீட்டுக்கு வந்து கைப்பேசியை நீட்டினான். ஜோதிக்கு அனுப்ப மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு செய்தி எழுதியிருந்தான். “சரியா இருக்கான்னு பாருங்க சார். அனுப்பிடவா?”

“அடப் பாவி, நீயுமாடா? எழுந்திரு” என்றேன்.

வண்டியில் பின்னால் உட்காரவைத்து நேராகக் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஜோதி வலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணால் பின்னுவதால் முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்தாள். பாலமுருகன் நின்றுகொண்டே அழுதான். அவள் அழவில்லை.

“ஒக்காருண்ணா. அன்னிக்கு இன்னாதான் நடந்திச்சி? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

அவன் மண்ணில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னான். பஸ், கட்டைவிரல், ஏ பம்ப், பட்டன். விசாரணையில் யாரும் அவனை இப்படிச் சொல்லவிடவில்லை. அவள் நடுநடுவே கேள்வி கேட்டாள். கடைசியில், “அந்த குரூப்புல நான் இல்லியேண்ணா” என்றாள். “எங்கள யாரையும் அதுல சேக்கல. நாங்க கான்ட்ராக்ட்டு.”

இவ்வளவு சண்டை போட்ட எனக்கும் அது தோன்றவே இல்லை. ஆசிட் பக்கத்தில் நிற்கிறவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் செய்தி போயிருக்கிறது.

“இப்ப அந்த எடத்த யாரு சார் கழுவறா?” என்று என்னைக் கேட்டாள். “அவகிட்டயாச்சும் யாருனா சொன்னாங்களா, பம்ப்பு கிட்ட நிக்காதன்னு?”

எனக்குத் தெரியாது. மறுநாள் மதிய ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு ஆலை கேட்டுக்குப் போனேன். பஸ் வந்தது. பையன்கள் தலை குனிந்தபடி குத்திக்கொண்டே இறங்கினார்கள், குத்திக்கொண்டே ஏறினார்கள். ஒப்பந்தப் பெண்கள் நடந்து வந்தார்கள். ஆசிட் பகுதியைக் கழுவுவது யார் என்று கேட்டதும் ஒரு சின்னப் பெண் முன்னால் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். ஏ நின்றால் கன்ட்ரோல் ரூமில் பட்டனை அழுத்தி, கீழே சொல்லாமலே பி-யை ஓடவிடுவார்கள், ஜாயின்ட்டுக்கு நேரே நிற்காதே, கழுவப் போகும் முன் கன்ட்ரோல் ரூமுக்குப் போய் நான் கீழே இருக்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுப் போ என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள். நான் அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பாதி சரியாகச் சொன்னாள்.

“அதுல ஏ எது, பி எதுன்னு எனக்குத் தெரியாதே சார். உள்ள வந்து ஒருவாட்டி கையக் காட்டிட்டுப் போறீங்களா?”

காவலாளி கையை நீட்டி என்னை மறித்தார். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை.